நீர் ஊடுருவும் கான்கிரீட்

நீர் ஊடுருவும் கான்கிரீட் என்பது, மேலே விழும் மழைநீரைத் தன் உள்ளே உள்ள துளைகளின் வழியாகக் கீழே உள்ள நிலத்துக்கு விடும் ஒருவகைக் கான்கிரீட் ஆகும். இது நீர் புகும் கற்காரை, மணலில்லாக் கான்கிரீட் என்றும் குறிப்பிடப்படுகிறது. சிமென்ட், நீர், ஏறக்குறைய ஒரே அளவுள்ள ஜல்லி ஆகிய மூன்றும் இதன் முதன்மைப் பொருட்கள். இதில் மணல் சேர்ப்பதில்லை. சேர்த்தாலும் மிகக் குறைவாகவே சேர்ப்பர். ஜல்லிகளுக்கு இடையே மணலும் சிமென்ட் பசையும் நிரப்ப வேண்டிய இடம் காலியாக விடப்படுவதால், ஒன்றோடொன்று இணைந்த துளைகள் உருவாகின்றன. மொத்தக் கன அளவில் இத்துளைகள் பொதுவாக 15 முதல் 35 விழுக்காடு வரை இருக்கும்.

உடைத்தெடுத்த கருங்கல், கூழாங்கல் போன்ற இயற்கை ஜல்லிகளாலும், இடித்த கட்டடங்களின் கான்கிரீட்டை உடைத்துப் பெறும் மறுசுழற்சி ஜல்லியாலும், இவ்விரண்டையும் கலந்தும் இக்கான்கிரீட்டைச் செய்யலாம்.

எளிய விளக்கம்

பொரி உருண்டை பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அமைப்பு எளிதில் விளங்கும். பொரி உருண்டையில் ஒவ்வொரு பொரியின் மேலும் வெல்லப்பாகு மெல்லிய பூச்சாகப் படிகிறது. பொரிகள் தொட்டுக்கொள்ளும் இடங்களில் மட்டும் அவை ஒட்டிக்கொள்கின்றன. மற்ற இடமெல்லாம் காற்று. நீர் ஊடுருவும் கான்கிரீட்டில் பொரியின் இடத்தில் ஜல்லியும், பாகின் இடத்தில் சிமென்ட் பசையும் இருக்கின்றன.

பாகுப் பதம் எவ்வளவு முக்கியமோ, சிமென்ட் பசையின் பதமும் அவ்வளவு முக்கியம். பசை நீர்த்துப்போனால் ஜல்லியின் மேல் நிற்காமல் வழிந்து அடியில் தேங்கிவிடும். மேலே ஜல்லி பிடிப்பில்லாமல் உதிரும். அடியில் துளைகள் அடைபட்டு நீர் இறங்காது. பசை மிகவும் இறுகிப்போனால் ஜல்லிகள் ஒன்றோடொன்று ஒட்டாது. இக்கான்கிரீட் தோல்வியடையும் இடங்களில் பெரும்பாலும் இவ்விரண்டில் ஒன்றே காரணமாக இருக்கும்.

சாதாரணக் கான்கிரீட்டோடு ஒப்பீடு

- அடர்த்தி: சாதாரணக் கான்கிரீட் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 2400 கிலோ எடையிருக்கும். நீர் ஊடுருவும் கான்கிரீட் 1600 முதல் 2000 கிலோ வரை இருக்கும்.
- அமுக்க வலிமை: இது ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 2.8 முதல் 28 நியூட்டன் வரை வேறுபடும். வீட்டுத் தளங்களுக்குப் பயன்படும் எம்20 கான்கிரீட்டின் வலிமை 20 நியூட்டன்.
- நீர் இறங்கும் வேகம்: புதிதாகப் போட்ட தளத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பின் வழியே நிமிடத்துக்கு 120 முதல் 320 லிட்டர் வரை நீர் இறங்குவது வழக்கமான அளவு.
- கம்பி: இதில் இரும்புக் கம்பி வைப்பதில்லை. காற்றும் நீரும் தடையின்றிப் போய்வருவதால் கம்பி விரைவில் துருப்பிடித்துவிடும்.

துளை கூடினால் நீர் நன்றாக இறங்கும், வலிமை குறையும். துளை குறைந்தால் வலிமை கூடும், நீர் இறங்காது. இவ்விரண்டுக்கும் இடையில் பொருத்தமான அளவைக் கண்டுபிடிப்பதே கலவை வடிவமைப்பின் வேலை.

வரலாறு

மணலில்லாத கான்கிரீட் 1852-இல் இங்கிலாந்தில் வீடு கட்டப் பயன்பட்டது. 1923-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நிலக்கரி எரிந்து மிஞ்சும் கசடுக் கட்டிகளை ஜல்லியாகக் கொண்டு இம்முறையில் வீடுகள் கட்டப்பட்டன. கழிவுப் பொருளை ஜல்லியாக்கும் எண்ணம் இக்கான்கிரீட்டுடன் தொடக்க காலத்திலேயே சேர்ந்துவிட்டது எனலாம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் வீட்டுப் பற்றாக்குறை கடுமையாக இருந்தபோது, மணலில்லாக் கான்கிரீட் சுவர்களைக் கொண்ட வீடுகள் பெருமளவில் எழுந்தன. சிமென்ட் குறைவாகச் செலவானதும், சுவரில் உள்ள காற்றுத் துளைகள் வெப்பத்தைக் கடத்தாமல் தடுத்ததும் அதற்குக் காரணங்கள். அதே காலத்தில் ஜெர்மனியில் குண்டுவீச்சில் இடிந்த நகரங்களின் செங்கல்லும் காரையும் உடைக்கப்பட்டுப் புதிய கட்டுமானங்களுக்கு ஜல்லியாயின.

மழைநீரை நிலத்துக்குள் விடும் தளமாக இதைப் பயன்படுத்துவது பின்னர் வந்த வளர்ச்சி. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 1970-களிலிருந்து வாகன நிறுத்துமிடங்களில் இது போடப்பட்டது. சீனா 2015-இல் 16 நகரங்களில் தொடங்கிய கடற்பஞ்சு நகரத் திட்டத்திலும் நீர் ஊடுருவும் தளங்களுக்கு இடமளிக்கப்பட்டது. இந்தியாவில் இந்தியச் சாலைக் காங்கிரசின் ஐ.ஆர்.சி. 44:2017 வழிகாட்டி, சாலைக் கான்கிரீட் கலவைகளோடு இவ்வகைக் கான்கிரீட்டுக்கும் கலவை வடிவமைப்பு முறையைத் தருகிறது.

உடைத்த பொருளை மீண்டும் பயன்படுத்துவது தமிழ்நாட்டுக் கொத்தனார்களுக்குப் புதிதல்ல. பழைய மாடி வீடுகளின் மொட்டைமாடியில் செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து காரை போடுவது நெடுங்கால வழக்கம். உடைந்த செங்கல் வீணாகாமல் வீட்டின் மேல்தளத்துக்குப் போயிற்று.

மூலப்பொருட்கள்

சிமென்ட்: சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட், சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட் இரண்டும் பயன்படும். ஒரு கன மீட்டருக்கு 270 முதல் 415 கிலோ வரை சேர்ப்பர்.

நீர்: நீருக்கும் சிமென்ட்டுக்கும் உள்ள எடை விகிதம் 0.26 முதல் 0.40 வரை இருக்கும். வீட்டு வேலைக் கலவைகளில் இது பெரும்பாலும் 0.45-க்கு மேல் இருக்கும். எனவே பழகிய கொத்தனாருக்குக்கூட இக்கலவை முதலில் 'தண்ணீர் பத்தாத' கலவையாகவே தோன்றும். அதை நம்பி நீரைக் கூட்டினால் பசை வழிந்துவிடும்.

ஜல்லி: 10 மி.மீ. சல்லடையில் இறங்கி 4.75 மி.மீ. சல்லடையில் தங்கும் ஜல்லி மிகவும் ஏற்றது. முக்கால் ஜல்லி எனப்படும் 20 மி.மீ. ஜல்லியையும் பயன்படுத்தலாம், அப்போது தளத்தின் மேற்பரப்பு கரடாக இருக்கும். பல அளவுகள் கலந்த ஜல்லி கூடாது. பெரிய கற்களுக்கு இடையே சிறிய கற்கள் புகுந்து அமர்ந்தால் நீர் போகும் வழி அடைபடும். சாதாரணக் கான்கிரீட்டில் நல்ல குணமாகக் கருதப்படும் அளவுக் கலப்பு இங்கே குறையாகிவிடுகிறது.

ஜல்லியில் ஒட்டியிருக்கும் கல்தூளைக் கழுவி நீக்க வேண்டும். தூள் இருந்தால் சிமென்ட் பசை கல்லைப் பிடிக்காமல் தூளையே பிடிக்கும்.

இயற்கை ஜல்லி

கல்குவாரியில் உடைத்தெடுக்கும் கருங்கல் ஜல்லி கோணங்கள் கொண்டது. கற்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்வதால் பிடிப்பு கூடுகிறது. ஆற்றுப் படுகையில் கிடைக்கும் கூழாங்கல் உருண்டையானது. அது எளிதில் நெருங்கி அமரும். குறைந்த அழுத்தத்திலேயே தளம் படிந்துவிடும். ஆனால் அதன் வழவழப்பான மேற்பரப்பில் பசையின் பிடிப்பு குறைவு.

நல்ல கருங்கல் ஜல்லி தன் எடையில் ஏறத்தாழ 0.5 முதல் 2 விழுக்காடு வரையே நீரை உறிஞ்சும். அதன் ஒப்படர்த்தி 2.6 முதல் 2.8 வரை இருக்கும். தரம் பெரிதாக மாறாது என்பதால் கலவையைக் கணிப்பது எளிது. ஆனால் ஒவ்வொரு வண்டி ஜல்லியும் ஏதோ ஒரு குன்றிலிருந்து வருகிறது. உடைத்த குன்று மீண்டும் வளர்வதில்லை.

மறுசுழற்சி ஜல்லி

இடித்த கான்கிரீட்டைத் தாடை உடைப்பானில் உடைத்து, காந்தத்தால் கம்பித் துண்டுகளைப் பிரித்து, மரம், பிளாஸ்டிக், துணி முதலியவற்றை அகற்றி, சல்லடையில் சலித்து, கழுவி எடுப்பது மறுசுழற்சிக் கான்கிரீட் ஜல்லி. செங்கல், ஓடு, காரை எல்லாம் கலந்த இடிபாட்டிலிருந்து கிடைப்பது கலப்பு மறுசுழற்சி ஜல்லி. இரண்டையும் ஒன்றாகக் கருதக்கூடாது; இரண்டாவது வகை வலிமை குறைந்தது.

மறுசுழற்சி ஜல்லியைக் கையில் எடுத்துப் பார்த்தால், கல்லின் மேல் பழைய சிமென்ட் காரை ஒட்டியிருப்பது தெரியும். இந்த ஒட்டுக்காரையே அதன் எல்லா வேறுபாடுகளுக்கும் காரணம்.

- ஒட்டுக்காரையில் நுண்துளைகள் அதிகம். அதனால் ஜல்லி தன் எடையில் 3 முதல் 10 விழுக்காடு வரை நீரை உறிஞ்சும்.
- எடை குறைவு. ஒப்படர்த்தி பொதுவாக 2.2 முதல் 2.5 வரை இருக்கும்.
- நசுக்கும்போது எளிதில் உடையும். எனவே கான்கிரீட்டின் வலிமை குறையும்.
- மேற்பரப்பு சொரசொரப்பானது. எனவே புதிய பசை நன்றாகப் பற்றும்.

இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 383:2016 மறுசுழற்சிக் கான்கிரீட் ஜல்லிக்கு வரம்பு வகுத்துள்ளது. கம்பியில்லாக் கான்கிரீட்டில் 25 விழுக்காடு வரை சேர்க்கலாம். எம்25 வரையுள்ள கம்பிக் கான்கிரீட்டில் 20 விழுக்காடு வரை சேர்க்கலாம். எம்15-க்குக் குறைந்த மெலிந்த கான்கிரீட்டில் 100 விழுக்காடும் சேர்க்கலாம். கட்டட இடிபாட்டுக் கழிவுகளைத் தனியாகப் பிரித்துக் கையாள வேண்டும் என 2016-ஆம் ஆண்டின் கட்டுமான, இடிபாட்டுக் கழிவு மேலாண்மை விதிகள் கூறின. சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இத்தகைய கழிவைப் பதப்படுத்தும் நிலையங்கள் உள்ளன.

வாங்கும்போது ஜிப்சம் கலந்திருக்கிறதா என்பதைக் கவனிக்க வேண்டும். பொய்க்கூரைப் பலகை, ஜிப்சம் பூச்சு ஆகியவற்றின் துண்டுகள் கலந்தால் அவற்றிலுள்ள சல்பேட்டு சிமென்ட்டோடு வினைபுரிந்து காலப்போக்கில் கான்கிரீட்டை உப்பச் செய்து வெடிக்க வைக்கும்.

கலவைக் கணக்கு

இயற்கை ஜல்லி மட்டும் கொண்ட ஒரு கன மீட்டர் கலவைக்கு ஓர் எடுத்துக்காட்டு:

- சிமென்ட் 350 கிலோ
- ஜல்லி 1480 கிலோ
- நீர் 112 லிட்டர் (விகிதம் 0.32)

இதில் துளை எவ்வளவு என்பதைக் கணக்கிடலாம். எடையை அடர்த்தியால் வகுத்தால் கன அளவு கிடைக்கும். சிமென்ட்டின் கன அளவு 350 ÷ 3150 = 0.111 கன மீட்டர். ஜல்லியின் கன அளவு 1480 ÷ 2700 = 0.548. நீர் 0.112. மூன்றையும் கூட்டினால் 0.771. ஒரு கன மீட்டரில் மிச்சம் 0.229. அதாவது துளை ஏறத்தாழ 23 விழுக்காடு.

இப்போது ஜல்லியில் 25 விழுக்காட்டை மறுசுழற்சி ஜல்லியாக மாற்ற வேண்டும் என்று கொள்வோம். மாற்றும்போது எடைக்கு எடை மாற்றக்கூடாது; கன அளவுக்குக் கன அளவே மாற்ற வேண்டும். 0.548-இல் கால் பங்கு 0.137 கன மீட்டர். மறுசுழற்சி ஜல்லியின் ஒப்படர்த்தி 2.4 என்றால், தேவைப்படும் எடை 0.137 × 2400 = 329 கிலோ. இயற்கை ஜல்லி 1110 கிலோ.

எடைக்கு எடை மாற்றினால் என்ன ஆகும்? முழு ஜல்லியையும் அப்படி மாற்றினால் 1480 ÷ 2400 = 0.617 கன மீட்டர் ஆகிவிடும். கூடுதலாக வந்த 0.069 கன மீட்டர் துளையின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். 23 விழுக்காடாக இருக்க வேண்டிய துளை 16 விழுக்காடாகச் சுருங்கும்.

அடுத்தது நீர்க் கணக்கு. 329 கிலோ மறுசுழற்சி ஜல்லி 5 விழுக்காடு நீரை உறிஞ்சினால் அது 16 லிட்டர். காய்ந்த ஜல்லியை அப்படியே கலவையில் போட்டால், 112 லிட்டரில் 16 லிட்டரை ஜல்லி குடித்துவிடும். சிமென்ட்டுக்கு மிஞ்சுவது 96 லிட்டர். விகிதம் 0.32-லிருந்து 0.27-க்கு இறங்கிவிடும், கலவை எந்திரத்திலேயே இறுகத் தொடங்கும். இதைத் தவிர்க்க ஜல்லியை முன்னாளே நீரில் ஊறவைத்து, கலக்கும் முன் மேற்பரப்பு ஈரத்தை வடியவிட வேண்டும். ஜல்லியின் உள்ளே ஈரம் நிறைந்திருக்க வேண்டும். மேலே நீர் பளபளக்கக் கூடாது. ஊறிய ஜல்லியை நிறுக்கும்போது உள்ளே உள்ள நீரின் எடையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

50 கிலோ சிமென்ட் மூட்டை ஒன்றுக்கு இக்கலவையைச் சுருக்கினால்: இயற்கை ஜல்லி 159 கிலோ, காய்ந்த எடையில் மறுசுழற்சி ஜல்லி 47 கிலோ, நீர் 16 லிட்டர். இதைக் கொண்டு 15 செ.மீ. தடிப்பில் ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் தளம் போடலாம். ஜல்லிக்கு ஜல்லி தன்மை மாறுவதால், எந்த விகிதத்தையும் சிறிய அளவில் செய்து சோதித்த பிறகே தளத்துக்குப் பயன்படுத்த வேண்டும்.

செய்முறை

1. நிலத்தைச் சமன் செய்தல்: மேல்மண்ணை அகற்றி நிலத்தைச் சமப்படுத்த வேண்டும். எந்திர உருளையால் மிகவும் இறுக்கக் கூடாது; இறுக்கினால் மண்ணே நீரை இறங்கவிடாது.

2. கல் படுகை: மண் மேலேறி வராமல் இருக்க நீர் புகும் நிலத்துணியை விரிக்க வேண்டும். அதன் மேல் 20 முதல் 40 மி.மீ. வரையுள்ள கழுவிய ஜல்லியை 15 முதல் 20 செ.மீ. உயரத்துக்குப் பரப்ப வேண்டும். இப்படுகையே மழைநீர் தற்காலிகமாகத் தங்கும் தொட்டி. வலிமைக்கு முக்கியத்துவம் இல்லாத இவ்விடத்தில் மறுசுழற்சி ஜல்லியைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

3. கலத்தல்: ஜல்லியையும் சிறிது நீரையும் முதலில் எந்திரத்தில் சுற்றவிட வேண்டும். பிறகு சிமென்ட்டைச் சேர்த்து, மிச்ச நீரைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். ஒவ்வொரு கல்லின் மேலும் பசை படிந்து ஈரப்பளபளப்புத் தெரிய வேண்டும்.

4. பதம் பார்த்தல்: கையுறை அணிந்து ஒரு பிடி கலவையை எடுத்து உருட்ட வேண்டும். உருண்டை உதிர்ந்தால் நீர் குறைவு. பசை வழிந்து கையில் சேறாக ஒட்டினால் நீர் அதிகம். உருண்டை நின்று, கற்களுக்கு இடையே துளைகளும் தெரிந்தால் பதம் சரி.

5. போடுதல்: படுகையை நனைத்த பிறகு கலவையைக் கொட்ட வேண்டும். காய்ந்த படுகை கலவையின் நீரை உறிஞ்சிவிடும். கலந்த ஒரு மணி நேரத்துக்குள் வேலையை முடிக்க வேண்டும்.

6. மட்டம் செய்தல்: பக்கச் சட்டத்தைவிட 1.5 முதல் 2 செ.மீ. உயரமாக மட்டப்பலகையால் இழுத்துவிட்டு, கனமான இரும்பு உருளையை உருட்டிச் சட்டத்தின் மட்டத்துக்கு அழுத்த வேண்டும். ஊசி வைப்ரேட்டர் போடக் கூடாது. அதிர்வில் பசை கீழே இறங்கிவிடும். கரணையால் தேய்த்து வழவழப்பாக்கவும் கூடாது. மேல் துளைகள் மூடிக்கொள்ளும்.

7. இணைப்பு வெட்டுகள்: சுருங்கும்போது கண்ட இடத்தில் வெடிக்காமல் இருக்க, 6 மீட்டருக்கு மிகாத இடைவெளிகளில் தடிப்பில் கால் பங்கு ஆழத்துக்கு வெட்டுகள் இட வேண்டும்.

8. நீராற்றல்: சாதாரணத் தளத்தில் பாத்தி கட்டி நீர் நிறுத்துவது வழக்கம். இதில் நீர் நிற்காது. மேலும், இறுகாத பசையை நீர் கழுவிச் சென்றுவிடும். எனவே உருட்டி முடித்த 20 நிமிடத்துக்குள் தடித்த பாலிதீன் விரிப்பால் மூடி, ஓரங்களில் பாரம் வைத்து, குறைந்தது 7 நாட்கள் அப்படியே விட வேண்டும். துளைகளின் வழியே காற்று புகுந்து உள்ளிருந்தும் காயவைப்பதால், வெயில் காலத்தில் மூடத் தாமதித்தால் மேற்பரப்பு ஜல்லி பின்னாளில் காலடியிலேயே உதிரும்.

சோதனைகள்

துளை அளவு: 15 செ.மீ. கனசதுரம் ஒன்றை உலர்த்தி நிறுக்க வேண்டும். பிறகு நீரில் முழுக அமிழ்த்தி, காற்றுக் குமிழிகள் வெளியேறத் தட்டிவிட்டு, நீருக்குள் இருக்கும்போதே நிறுக்க வேண்டும். உலர் எடை 6.50 கிலோ, நீருக்குள் எடை 3.90 கிலோ என்று கொள்வோம். இழந்த எடை 2.60 கிலோ. ஆர்க்கிமிடீசு விதிப்படி இது இடம்பெயர்ந்த நீரின் எடை. அதாவது திடப்பொருளின் கன அளவு 2600 கன செ.மீ. கனசதுரத்தின் கன அளவு 3375 கன செ.மீ. துளை 775 கன செ.மீ.; 23 விழுக்காடு. பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே செய்யக்கூடிய சோதனை இது.

நீர் இறங்கும் வேகம்: ஏ.எஸ்.டி.எம். சி1701 என்ற முறையில், 300 மி.மீ. விட்டமுள்ள வளையத்தைத் தளத்தின் மேல் மக்குப் பசையால் ஒட்டி, முதலில் தளத்தை நனைத்துவிட்டு, பிறகு அளந்த நீரை ஊற்றி, அது இறங்கும் நேரத்தைக் குறிப்பர். ஊற்றும்போது வளையத்துக்குள் நீர் மட்டம் 10 முதல் 15 மி.மீ. வரை இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். 18 லிட்டர் நீர் 60 வினாடியில் இறங்கினால், வளையப் பரப்பு 0.0707 சதுர மீட்டர் என்பதால், இறங்கிய நீரின் உயரம் 255 மி.மீ. இது மணிக்கு ஏறத்தாழ 15,300 மி.மீ. ஆகும்.

எவ்வளவு மழையைத் தாங்கும்?

மேலே கண்ட வேகம் எந்த மழையையும்விடப் பல மடங்கு அதிகம். ஆனால் அது கான்கிரீட்டின் வேகம் மட்டுமே. அடியில் உள்ள மண் அந்த வேகத்தில் நீரை ஏற்காது. ஆகவே உண்மையான கணக்கு தளமும் படுகையும் எவ்வளவு நீரைத் தேக்கும், மண் எவ்வளவு உறிஞ்சும் என்ற இரண்டையும் சேர்த்தது.

15 செ.மீ. தடிப்புள்ள தளத்தில் துளை 20 விழுக்காடு என்றால் 30 மி.மீ. மழை தங்கும். 20 செ.மீ. கல் படுகையில் துளை 40 விழுக்காடு என்றால் 80 மி.மீ. தங்கும். மொத்தம் 110 மி.மீ. நூறு சதுர மீட்டர் வாகன நிறுத்துமிடத்தில் இது 11,000 லிட்டர் நீர்.

2015 டிசம்பர் 1-ஆம் நாள் தொடங்கிய பெருமழையில் சென்னையை அடுத்த தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 490 மி.மீ. மழை பெய்தது. களிமண் நிலம் மணிக்கு 2 மி.மீ. நீரை உறிஞ்சுவதாகக் கொண்டால், ஒரு நாளில் உறிஞ்சுவது 48 மி.மீ. தேங்குவதையும் சேர்த்து 158 மி.மீ. மட்டுமே உள்ளே போகும். மிச்சம் வெளியே ஓடும். கடலோரத்து மணல் நிலம் மணிக்கு 30 மி.மீ.க்கு மேல் உறிஞ்சக்கூடியது. ஆனால் அங்கும் நிலத்தடி நீர்மட்டம் மேலே வந்துவிட்டால் உறிஞ்சுவது நின்றுவிடும்.

எனவே இத்தளம் பெருவெள்ளத்தைத் தடுக்கும் என்று எதிர்பார்ப்பது தவறு. ஏரியும் கால்வாயும் செய்ய வேண்டிய வேலையைத் தளம் செய்ய முடியாது. ஆனால் வடகிழக்குப் பருவத்தில் அடிக்கடி பெய்யும் 20, 50 மி.மீ. மழைகளைச் சாக்கடைக்கு அனுப்பாமல் நிலத்தில் இறக்க இத்தளம் போதும். சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1400 மி.மீ. மழை பெய்கிறது. வெள்ளம் சூழ்ந்த அதே நகரத்தில், 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டன. தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அது பெரும்பாலும் கூரை நீரையே சேர்க்கிறது. சிமென்ட் போட்ட முற்றத்தின் நீர் தெருவுக்கே போகிறது. நீர் ஊடுருவும் தளம் நிரப்பக்கூடிய இடைவெளி அதுதான்.

ஏற்ற இடங்கள்

- கார், இருசக்கர வாகனம் நிறுத்துமிடங்கள்
- நடைபாதை, பூங்காப் பாதை
- பள்ளி முற்றம், வீட்டு முன்றில்
- மரத்தைச் சுற்றியுள்ள தளம். வேருக்கு நீரும் காற்றும் கிடைக்கும்

தவிர்க்க வேண்டிய இடங்கள்

- கனரக லாரிகள் போய்வரும் சாலை
- பெட்ரோல் பங்க், வாகனப் பட்டறை, வேதிப்பொருள் கிடங்கு. சிந்தும் எண்ணெய் நேரே நிலத்தடி நீரில் கலக்கும்
- மழைக்காலத்தில் நிலத்தடி நீர் படுகைக்கு மிக அருகில் ஏறிவரும் இடம்
- வீட்டு அடித்தளத்தை ஒட்டிய பகுதி, கழிவுநீர்த் தொட்டிக்கு அருகிலுள்ள பகுதி
- மேட்டிலிருந்து மண் கரைந்து ஓடிவரும் சரிவின் அடிவாரம்

களிமண் நிலத்தில் போட நேர்ந்தால், படுகையில் துளையிட்ட குழாய் பதித்து, மிகும் நீரைக் கிணற்றுக்கோ வடிகாலுக்கோ கொண்டுசெல்ல வேண்டும்.

பராமரிப்பு

துளை அடைபடுவதே இத்தளத்தின் பெரிய பகை. மண், இலைச் சருகு, தூசி ஆகியவை மேல் அங்குலத்தில் படிந்து இறுகும். வாரந்தோறும் பெருக்குவதும், ஆண்டுக்கு ஓரிரு முறை உறிஞ்சும் எந்திரத்தாலோ அழுத்த நீராலோ சுத்தம் செய்வதும் தேவை. சுத்தம் செய்தால் இழந்த வேகத்தில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும்.

சில பழக்கங்களை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். இத்தளத்தின் மேல் மணலோ எம்-சாண்டோ குவிக்கக் கூடாது. வீட்டு வேலைக்குச் சிமென்ட் கலவை இதன் மேல் கலக்கக் கூடாது. ஒரு முறை கலந்தால் அந்த இடம் நிரந்தரமாக அடைபடும். வாசலில் சாணம் கரைத்துத் தெளிக்கும் வீடுகளில் அதற்கெனச் சாதாரணத் தளமாக ஒரு பகுதியை விட்டுவிடுவது நல்லது.

மறுசுழற்சி ஜல்லியின் வழியே வடியும் நீர் தொடக்கத்தில் காரத்தன்மை கொண்டதாக இருக்கும். பழைய சிமென்ட்டிலுள்ள சுண்ணாம்பு கரைந்து வருவதே காரணம். அது காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடோடு சேர்ந்து வடிகுழாய்களில் வெண்ணிறப் படிவாக இறுகலாம். தூளைக் கழுவி நீக்கிய ஜல்லியைப் பயன்படுத்தினால் இது குறையும்.

சுற்றுச்சூழல் நோக்கு

உலகின் கார்பன் டைஆக்சைடு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு சிமென்ட் உற்பத்தியால் வருகிறது. நீர் ஊடுருவும் கான்கிரீட்டுக்கும் சிமென்ட் தேவை என்பதால், இதை முழுமையாகத் தூய்மையான பொருள் என்று கூற முடியாது. மண்ணாகவே விடக்கூடிய இடத்தை மண்ணாக விடுவதே சிறந்தது. தளம் போட்டே ஆகவேண்டிய இடத்தில்தான் இதன் பயன் தொடங்குகிறது.

அவ்விடத்தில் மணல் தேவை ஏறக்குறைய இல்லாமற்போகிறது. மறுசுழற்சி ஜல்லி சேரும் அளவுக்குக் குவாரிக் கல்லின் தேவை குறைகிறது; ஏரிக்கரையிலும் சாலையோரத்திலும் கொட்டப்படும் இடிபாடு பயனுள்ள பொருளாகிறது. இன்று ஏரிகளில் நீர் நிற்க வேண்டிய இடத்தை நிரப்பிக்கொண்டிருக்கும் அதே இடிபாட்டை உடைத்து, சலித்து, கழுவினால், நீரை நிலத்துக்குள் இறக்கும் தளமாக மாற்ற முடியும்.